புரியாத மொழிக்கு விலை கொடுப்பவர் யார்?



சிறு கடை நடத்தும் ஒருவர் ஓர் இலட்ச ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. தவணைக் காலம் மூன்று ஆண்டுகள். இது 'ஃபிளாட் ரேட்' என்று கடன் கொடுப்பவர் சொல்கிறார். கடைக்காரர் தலையசைத்துவிட்டுக் கையெழுத்திடுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு வட்டி 36,000 ரூபாய். அசலும் சேர்ந்து 1,36,000 ரூபாய். மாதம் 3,778 ரூபாய் வீதம் 36 மாதங்களில் கட்டி முடிக்கிறார். கூட்டல் பெருக்கலில் ஒரு காசும் தவறில்லை. ஆனால், முதல் தவணையிலிருந்தே அவர் அசலையும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கட்டி வருகிறார். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது அவரிடம் எஞ்சியிருக்கும் கடன் பாதிக்கும் குறைவு. வட்டியோ, கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்து வரும் நிலுவையின்மீது கணக்கிட்டால் அவர் கொடுத்த வட்டி ஆண்டுக்கு 21 விழுக்காட்டிற்குச் சற்று மேலாகும்.

அடுத்த தெருவில் ஒரு வங்கி, குறையும் நிலுவையின்மீது 16 விழுக்காடு வட்டிக்கு அதே தொகையைக் கொடுக்க முன்வந்திருக்கலாம். அங்கே மாதத் தவணை 3,516 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 26,570 ரூபாய். பன்னிரண்டு பதினாறைவிடக் குறைவு என்று பள்ளியில் படித்த கணக்கை நம்பி, கடைக்காரர் அந்த வங்கியைக் கடந்து போய்விட்டார். அதனால் அவருக்கு நேர்ந்த இழப்பு 9,400 ரூபாய்க்கு மேல். இதில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஆங்கிலச் சொற்கள் விளக்கப்படாமல் போயின, அவ்வளவே.

வணிகத்தில் எளிய மொழி வேண்டும் என்ற கோரிக்கை, பெரும்பாலும் மொழி ஆர்வலர்களின் கோரிக்கையாகவே கருதப்பட்டு வருகிறது. பொருளியல் நோக்கில் அது விலை பற்றிய கோரிக்கையாகும். சந்தை செம்மையாக இயங்க வேண்டுமானால் வாங்குபவர் விலையை அறிந்திருக்க வேண்டும். இரு கடைகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கவும் அவரால் இயல வேண்டும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்குலையும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய மோட்டார் கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. காரின் என்ஜினுக்குள் இருக்கும் குறையை வாங்குபவர் காண முடியாது. கடன் ஆவணத்தின் குறையோ அவர் கண்முன்னே தாளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அவரால் படித்து அறிய முடியாத மொழியில் இருப்பதால் அதுவும் என்ஜினுக்குள் இருப்பதைப் போன்றதே.

இந்தியாவில் இக்கேள்வி ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகி வருகிறது. 1969 ஜூலை 19-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகே உழவர்களும் கைவினைஞர்களும் பெருந்தொகையினராக வங்கிப் படியேறினர். 2014 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டத்தின்கீழ் திறக்கப்பட்ட கணக்குகள் 2023-இல் 50 கோடியைத் தாண்டின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நான்கில் மூவர் அளவே. அவர்களிலும் ஆங்கிலத்தில் ஒரு ஒப்பந்தத்தைப் படித்தறியக் கூடியவர் மிகச் சிலர். வங்கியின் வாயில் அகன்றது. உள்ளே நீட்டப்பட்ட தாள், பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த பெருவணிகருக்காக அவர்களுடைய வழக்கறிஞர்கள் எழுதிய அதே தாளாகவே நெடுங்காலம் இருந்து வந்தது.

கூட்ட அறைகளின் மொழி

வணிக உலகில் வழங்கும் புரியாத மொழியில் இரு கிளைகள் உண்டு. ஒன்று வழக்கறிஞர்களிடமிருந்து வந்தது, பழமையானது. மற்றொன்று மேலாண்மைக் கல்விக்கூடங்களிலிருந்தும் ஆலோசனை நிறுவனங்களிலிருந்தும் பரவியது, வயதில் இளையது. 'சினர்ஜி', 'லெவரேஜ்', 'ஸ்டேக்ஹோல்டர்', 'ஈக்கோசிஸ்டம்', 'கோர் காம்பிடென்ஸ்' என்பன இந்த இரண்டாம் கிளையைச் சேர்ந்தவை. அலுவலகக் கூட்டங்களில் அமர்ந்தவர் எவருக்கும் இவற்றைக் கேட்டவுடன் உண்டாகும் சலிப்பை விவரிக்க வேண்டியதில்லை.

எனினும், இச்சொற்களுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். இவற்றுள் பல, பிறக்கும்போது தெளிவான பொருளோடுதான் பிறந்தன. இரு தொழில்களைத் தனித்தனியே நடத்துவதைவிட ஒருங்கே நடத்தினால் மொத்தப் பயன் மிகும் என்பதைக் குறிக்கவே இகோர் ஆன்சாஃப் 1965-இல் 'சினர்ஜி' என்ற சொல்லை நிறுவன மேலாண்மையில் புகுத்தினார். 'கோர் காம்பிடென்ஸ்' என்பதை 1990-இல் கேரி ஹாமெலுடன் சேர்ந்து வழங்கியவர் கோயம்புத்தூரில் பிறந்த பேராசிரியர் சி.கே. பிரகலாத். ஒரு நிறுவனம் பல்லாண்டுகளாகக் கூட்டாகக் கற்றுத் தேர்ந்த திறன், பல பொருள்களின் உற்பத்திக்கு அடிப்படையாக அமைவது, போட்டியாளர் எளிதில் பார்த்துச் செய்ய இயலாதது என்று அவர்கள் அதற்கு எல்லை வகுத்தார்கள். ஹோண்டா நிறுவனத்தின் என்ஜின் தயாரிப்புத் திறன் அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று. இன்று ஒரு பட்டதாரி தம் வேலை விண்ணப்பத்தில் 'என் கோர் காம்பிடென்ஸ் நேர மேலாண்மை' என்று எழுதுகிறார். சொல் ஊர் ஊராகப் போய்த் தேய்ந்து, கடைசியில் 'எனக்கு இது நன்றாக வரும்' என்ற அளவில் வந்து நின்றுவிட்டது. அந்தப் பொருளைச் சொல்ல வேறு சொல் தேவையே இல்லை.

தேய்ந்த சொற்களைக் கோத்து எழுதப்படும் வாக்கியம் எவ்வாறு இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 'ஸ்டேக்ஹோல்டர்களின் சினர்ஜியை லெவரேஜ் செய்து, அறுவடைக்குப் பிந்தைய வேல்யூ செயினில் ஒருங்கிணைந்த தலையீடுகளை முன்னெடுக்க வேண்டியதன் தேவை உணரப்படுகிறது.' இதை எழுதியவர் சொல்ல வந்தது, மூன்று ஊர்களில் நெல் உலர்த்தக் களம் இல்லை, பொதுவாக ஒரு களம் கட்ட வேண்டும் என்பதாக இருக்கலாம். அவ்வாறே எழுதியிருந்தால் கூட்டத்தில் கேள்விகள் எழும். எந்த மூன்று ஊர்கள்? நிலம் யாருடையது? செலவு எவ்வளவு? அடுத்த அறுவடைக்குள் முடியுமா? முதல் வாக்கியத்தைக் கேட்டு எவரும் எதையும் கேட்க மாட்டார். அது ஒருமனதாக நிறைவேறும், களம் கட்டப்படாது. தேவை 'உணரப்படுகிறது' என்கிறார்; உணர்ந்தவர் யார் என்பதும் தெரியாது. மத்திய தலைமைச் செயலக அலுவலக நடைமுறைக் கையேடு, வரைவுகள் தெளிவாகவும் சுருக்கமாகவும் பிறழ உணர இடமின்றியும் இருக்க வேண்டும் என்றும், நீண்ட வாக்கியங்களையும் சுற்றிவளைத்தலையும் கூறியது கூறலையும் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பக்கம் அலுவலகங்களில் அதிகம் புரட்டப்படும் பக்கமாகத் தோன்றவில்லை.

சலிப்பூட்டுவதோடு நின்றுவிடாத சொற்களும் உண்டு. ஆட்களை வேலையிலிருந்து நீக்குவதற்கு 'ரைட்சைசிங்' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. சரியான அளவுக்குக் கொண்டுவருதலாம். ஆட்குறைப்பு என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் வரையறுக்கப்பட்டு, அதன் இடத்தில் வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் நிலைபெற்றிருக்கும் சொல். அச்சொல்லைச் சொன்னவுடன் தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு உண்டா, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாக உண்டா என்ற கேள்விகள் தாமே எழும். 'ரைட்சைசிங்' என்பதைத் தொழிலாளர் சட்டம் அறியாது. அக்கடிதத்தைப் பெற்ற தொழிலாளிக்குத் தாம் கேட்க வேண்டியது எது என்பதே விளங்காது போகலாம்.

பிற நாடுகள்

அதிகார மொழியின் அடர்த்தியைக் குறைக்கும் முயற்சிகள் மேலை நாடுகளில் போர்க்காலத்தில் வலுப்பெற்றன. 1940 ஆகஸ்டில், ஜெர்மானிய விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்த வேளையில், சர்ச்சில் அறிக்கைகளைச் சுருக்கமாக எழுதுமாறு தம் அமைச்சர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். 1944-இல் அமெரிக்கரான மாரி மேவரிக், தம் அலுவலகக் குறிப்புகளின் மொழிக்கு வான்கோழியின் கத்தலை ஒட்டி 'காபிள்டிகுக்' என்று பெயர் சூட்டினார். பிரிட்டிஷ் நிதித்துறையின் வேண்டுகோளின்பேரில் சர் எர்னஸ்ட் கவர்ஸ் அலுவலர்களுக்காக எழுதிய 'பிளெய்ன் வேர்ட்ஸ்' 1948-இல் வெளிவந்தது.

இவற்றையெல்லாம்விட வணிகத்துறைக்கு நேரடியான பாடம் நியூயார்க்கின் சிட்டிபாங்க் 1975-இல் செய்த ஒரு காரியத்தில் இருக்கிறது. அவ்வங்கி தன் தனிநபர் கடன் பத்திரத்தை அடியோடு மாற்றி எழுதியது. கடன் வாங்குபவர் 'நான்' எனவும் வங்கி 'நீங்கள்' எனவும் பத்திரம் பேசியது. அதனினும் முக்கியமானது வேறொன்று. கடன் தவறியதாகக் கருதப்படும் சூழ்நிலைகள் பழைய பத்திரத்தில் நெருக்கமான எழுத்தில் நீண்டு கிடந்தன. அவற்றுள் எவை உண்மையிலேயே தேவை என்று ஆராய்ந்தபோது இரண்டே எஞ்சின: தவணையை உரிய நாளில் கட்டாமை; கடன் கொடுத்த வேறொருவர், வங்கியில் இருக்கும் பணத்தைச் சட்டவழியே கைப்பற்ற முயல்வது. ஆக, எளிமைப்படுத்தல் என்பது அருஞ்சொல்லுக்குப் பதில் எளிய சொல்லை வைப்பதோடு முடிவதில்லை. இந்த நிபந்தனை இங்கே எதற்கு என்று ஒவ்வொரு வரியையும் கேட்க வேண்டியிருக்கிறது. விடை சொல்லத் தெரியாத வரிகளே ஆவணங்களில் அதிகம்.

1977-இல் நியூயார்க் மாநிலம் நுகர்வோர் ஒப்பந்தங்களுக்கு எளிய மொழியைச் சட்டமாக்கியது. 1998-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் எளிய ஆங்கிலக் கையேடு ஒன்றை வெளியிட்டபோது அதற்கு முன்னுரை எழுதிய வாரன் பஃபெட், நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எழுதும்போது தம் சகோதரியரிடம் பேசுவதாகக் கற்பனை செய்துகொள்வதாகக் குறிப்பிட்டார். அறிவுடையவர்கள், ஆனால் கணக்கியல் வல்லுநர்கள் அல்லர் என்பது அவர் அவர்களைத் தேர்ந்ததற்குக் காரணம். மூன்றே ஆண்டுகளில், 2001 டிசம்பரில், என்ரான் நிறுவனம் திவாலாயிற்று. தன் அதிகாரிகளோடு தொடர்புடைய அமைப்புகளுடன் அது செய்துகொண்ட கொடுக்கல் வாங்கல்கள் ஆண்டறிக்கையின் அடிக்குறிப்புகளில் இடம்பெற்றே இருந்தன. படித்த வல்லுநர்களுக்கே அவை விளங்காத முறையில் இருந்தன.

ஜாமீன் கையெழுத்தும் தீக்காப்பீடும்

இனி, இந்நாட்டின் சாதாரணக் குடும்பங்களை மிக அதிகமாக வருத்தும் ஒரு வாக்கியத்தைப் பார்க்கலாம். கடனுக்கு ஜாமீன் நிற்பவர் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கிறார்' என்பது அவ்வாக்கியம். பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மைத்துனரின் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார். 'ஒரு ஒப்புக்குத்தான், மாமா' என்று சொல்லியே கையெழுத்து வாங்கப்படுகிறது. கூட்டாக என்றால் ஆளுக்குப் பாதி என்று அவர் நினைக்கக்கூடும். தனித்தனியாக என்றால் முதலில் மைத்துனர், அவரால் முடியாவிட்டால் தாம் என்று கருதக்கூடும். இரண்டும் பிழை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. கடன் வாங்கியவர்மீது முதலில் நடவடிக்கை எடுத்துத் தீர்ந்த பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என உச்ச நீதிமன்றமும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தீர்ப்பளித்திருக்கிறது. ஆசிரியர் இதை அறிவது, வங்கியின் அறிவிப்பு தம் பெயருக்கு வரும் நாளில்.

இந்த விதி தவறென்பது இங்கே வாதமன்று. ஜாமீன் என்பதன் பயனே அதுதான். அது இல்லாவிட்டால் அடமானம் வைக்கச் சொத்தில்லாதவருக்குக் கடன் கிடைப்பது மேலும் அரிதாகும். ஆனால் அதைச் சொல்லும் முறை வேறாக இருக்கலாம்: 'கடன் வாங்கியவர் தவணை கட்டத் தவறினால், பாக்கி முழுவதையும் உங்களிடம் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. அவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவருக்குச் சொத்து இருந்தாலும் உங்களிடம் கேட்கலாம்.' இதில் சட்டம் எதுவும் மாறவில்லை. வங்கி எதையும் இழக்கவில்லை. இதைப் படித்த பிறகும் ஆசிரியர் கையெழுத்திட்டால் அது அறிந்து போட்ட கையெழுத்து. கையெழுத்திட மறுக்கிறவர் சிலரும் இருப்பார்கள். எளிய மொழியின்பால் சில நிறுவனங்களுக்கு ஆர்வம் குறைவாக இருப்பதன் காரணமும் அதுவாகலாம்.

காப்பீட்டில் 'ஆவரேஜ்' என்றொரு நிபந்தனை உண்டு. சராசரி என்று மொழிபெயர்த்தால் முற்றிலும் தவறான பொருள் கிடைக்கும். பத்து இலட்ச ரூபாய் சரக்குள்ள கிடங்கை ஒருவர் ஐந்து இலட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கிறார். தீயில் இரண்டு இலட்ச ரூபாய் சரக்கு எரிந்துபோகிறது. ஐந்து இலட்சம் வரை காப்பீடு இருப்பதால் இரண்டு இலட்சமும் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். சரக்கின் மதிப்பில் பாதிக்குத்தான் காப்பீடு செய்தார் ஆதலின் இழப்பிலும் பாதி, அதாவது ஓர் இலட்சமே கிடைக்கும் என்பது அந்த நிபந்தனை. இதைச் சொல்ல ஒரு எண் கணக்கு போதும்; ஆனால் ஆவணங்களில் எண் கணக்கு அரிதாகவே காணப்படும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சிறு, குறுந்தொழில் தீக்காப்பீட்டு ஆவணங்களில், மதிப்பைவிட 15 விழுக்காடு வரை குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் இந்த வெட்டு இல்லை என்று விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் எது கிடைக்கும், எது கிடைக்காது, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பவற்றை எளிய சொற்களில் தனித்தாளில் தர வேண்டும் என்ற திருத்திய விதி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விரும்பிக் கேட்டால் அதை வட்டார மொழியிலும் தர வேண்டும்.

வாசகம் ஐயத்திற்கிடமாக இருந்தால் அதை எழுதிய காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1966-லேயே ஏற்றிருக்கிறது. நல்ல நெறிதான். ஆனால் அதன் பயனைப் பெற, கடை எரிந்தவர் நீதிமன்றம் வரை போக வேண்டும். அங்கேயும் மொழி அவரைத் துரத்தக்கூடும்: 2022 ஆகஸ்டில் ஒரு பாரத ஸ்டேட் வங்கி வழக்கில், கீழே ஓர் உயர் நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு விளங்கவில்லை என்று கூறி அதை நீக்கிய உச்ச நீதிமன்றம், தீர்ப்பு என்பது அதனால் பாதிக்கப்படுவோருக்குப் புரிய வேண்டும் என்று வலியுறுத்தியது.

ஒரு சொல்லில் இரு பொருள்

புரியாத சொல் ஒரு தொல்லை. புரிந்துவிட்டதாகத் தோன்றும் சொல் மற்றொரு தொல்லை. தமிழில் 'கடன் தள்ளுபடி' என்ற தொடர் இதற்குச் சான்று. 1990-லும் 2008-லும் மத்திய அரசு உழவர் கடன் நிவாரணத் திட்டங்களை அறிவித்தபோது, தகுதியுள்ள உழவர் கட்ட வேண்டிய கடன் உண்மையிலேயே நீக்கப்பட்டது. அதை அரசு ஏற்றது. வங்கிகள் தம் கணக்கேட்டில் பழைய வாராக்கடனுக்கு முழு ஒதுக்கீடு செய்து, இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அதை அகற்றுவது வேறு செயல். இதில் கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வழக்கும் வசூலும் தொடரும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையும் இத்தகைய கணக்கியல் நீக்கத்தால் கடனாளிமீது வங்கிக்குள்ள உரிமை விடுபட்டுப் போவதில்லை என்று தெளிவுபடுத்துகிறது. இவ்விரண்டு செயல்களுக்கும் செய்தித்தாள்களில் ஒரே பெயர் தள்ளுபடி. துணிக்கடையின் ஆடி மாத விலைக் குறைப்புக்கும் அதே பெயர். பெருநிறுவனங்களின் கடன் 'தள்ளுபடி' செய்யப்பட்டது என்ற தலைப்பைப் படிக்கும் உழவர், தமக்கு மறுக்கப்பட்டது பிறருக்கு வழங்கப்பட்டதாகவே கொள்வார். கணக்கியல் நீக்கத்துக்குப் பின் வசூலாகும் தொகை குறைவு என்பது தனியே விவாதிக்க வேண்டிய உண்மை. அந்த விவாதம் நேராக நடைபெறவும் இரு செயல்களுக்கும் இரு பெயர்கள் வேண்டும். ஒன்றைக் கடன் நீக்கம் என்றும் மற்றதைக் கணக்கேட்டிலிருந்து விலக்கல் என்றும் சொல்லலாம். இதனினும் நல்ல சொற்கள் இருக்கக்கூடும்.

மாறாக, 'வாராக்கடன்' தமிழ் பெற்ற ஒரு நற்பேறு. ஆங்கிலத்தில் அதற்கு 'செயல்படாத சொத்து' என்று பெயர்; கடன் திரும்பவில்லை என்பதை எவரும் அதிலிருந்து ஊகிக்க முடியாது. தமிழ்ச்சொல்லைச் சந்தைக்குக் கீரை விற்க வந்தவரும் அறிவார். சிறிது மிகைப்படுத்துகிறது என்ற குறை மட்டும் உண்டு: 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றாலே கடன் அந்த வகையில் சேர்ந்துவிடும், அது பிறகு வந்துவிடவும் கூடும்.

தொழிலின் சொல்லும் பொதுமக்களின் சொல்லும்

துறைச்சொற்களே கூடா என்று சொல்வது பேதைமை. தேய்மானம், ஐந்தொகை, பற்று, வரவு என்பவை கணக்கரிடையே நேரத்தையும் பிழையையும் மிச்சப்படுத்துகின்றன. துறையினர் தமக்குள் பேசும் சொல், மேசையைக் கடந்து பொதுமக்களிடம் போகும்போதே சிக்கல் எழுகிறது. சட்ட வரைவாளர் தரப்பிலும் வலுவான வாதம் ஒன்றுண்டு. ஒரு பழைய சொல்லுக்கு நீதிமன்றங்கள் அறுபது ஆண்டுகளாகப் பொருள் சொல்லி வந்திருக்கின்றன. அதை மாற்றினால் அந்தத் தீர்ப்புகளின் துணையை இழந்து மீண்டும் முதலிலிருந்து வழக்காட நேரும் என்பார்கள். புறக்கணிக்கத் தக்க வாதமன்று.

எனினும், அந்த அச்சத்தை மீறியும் காரியம் நடைபெற முடியும் என்பதை 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் காட்டுகிறது. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்டு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் அது கொண்டுவரப்பட்டது. பழைய சட்டத்தில் 5 இலட்சத்து 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் இருந்தன; புதிய மசோதாவில் அவை ஏறத்தாழ 2 இலட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்தன. 819 பிரிவுகள் 536 ஆயின. அட்டவணைகளோ 18-லிருந்து 57-ஆக உயர்ந்தன. பத்தி பத்தியாகச் சொன்னதைக் கட்டம் போட்டுச் சொன்னதன் விளைவு இது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று ஊதியக்காரர் தலைமுறை தலைமுறையாகக் குழம்பி வந்த இரண்டு ஆண்டுகள் நீங்கி 'வரி ஆண்டு' என்ற ஒன்றே நின்றது. வரிக் கொள்கையில் பெரிய மாற்றம் இல்லாமலே இவ்வளவும் செய்யப்பட்டன. சொற்களைப் பாதியாக்கினால் சிக்கலும் பாதியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. வரி விலக்குகள் பலவாக இருக்கும் வரை சட்டமும் நீண்டே இருக்கும்.

மொழிபெயர்ப்பு என்னும் இரண்டாம் சுவர்

தமிழ் முதலான இந்திய மொழிகளுக்கு மற்றோர் இடர்ப்பாடு இருக்கிறது. ஆங்கில ஆவணத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இதன்கீழ்க் கையொப்பமிடுபவர் இதனால் மீளவியலாத வகையிலும் நிபந்தனையற்ற வகையிலும் உறுதியளிக்கிறார்' என்பது போன்ற தமிழ் பிறக்கிறது. ஆங்கிலம் அறியாதவர்க்கு அந்த ஆங்கிலம் ஒரு சுவர். இந்தத் தமிழ் அடுத்த சுவர். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் எளிமையாகிவிடும் என்பதும் தவறு. 'லோன்', 'செக்', 'ஜாமீன்' எல்லாரும் அறிந்த சொற்கள், அவற்றை வைத்துக்கொள்ளலாம். 'ஹைபாத்திகேஷன்' அவ்வாறல்ல. பொருள் உங்களிடமே இருக்கும், ஆனால் கடன் தீரும் வரை வங்கிக்கு அதன்மேல் உரிமை உண்டு, விற்கக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் டிராக்டர் வாங்கும் உழவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மேலும், தமிழில் 'கடன்காரர்' என்ற சொல் கொடுத்தவரையும் குறிக்கும், வாங்கியவரையும் குறிக்கும். ஆவணத்தில் இவ்விரண்டும் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, மூலத்தையே எளிதாக எழுதிவிட்டுப் பெயர்ப்பதோ, அந்தந்த மொழியில் நேரே எழுதுவதோதான் வழி. இதற்கு மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கக் கணக்கில் கொடுக்கும் கூலி போதாது. வங்கித் தொழிலும் தமிழும் அறிந்த ஒருவரைச் சில வாரங்கள் அமர்த்த வேண்டும். ஒரு முறை செய்யும் செலவு; படிவமோ இலட்சக்கணக்கில் அச்சாகிறது.

இத்துறையில் அண்மையில் எடுக்கப்பட்ட பெரிய நடவடிக்கை ரிசர்வ் வங்கியினுடையது. 2024 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கும் வழங்கப்படும் தவணைக் கடன்கள் அனைத்துக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று தரப்பட வேண்டும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்ற ஒரே எண் அதில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் கண்ட கடைக்காரரின் 12-க்கும் 16-க்கும் உள்ள மயக்கம் இந்த ஒற்றை எண்ணால் தீர்கிறது. தாளில் சொல்லப்படாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான இசைவின்றிப் பிறகு விதிக்க முடியாது. ஏழு நாட்களோ அதற்கு மேலோ காலமுள்ள கடனானால், தாளைப் பெற்ற பின் எண்ணிப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசம் உண்டு. தாள், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதை அவருக்கு விளக்கிச் சொல்லி, விளங்கிற்று என்ற ஒப்புதலையும் பெற வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் கிளை அலுவலர்களின் கவனம் தேவைப்படுகிறது. 'படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டேன்' என்ற வாசகம் தமிழ்நாட்டுப் பத்திரங்களில் நெடுநாளாக வழங்குவது. படித்துக் காட்டப்படாத எத்தனையோ தாள்களின் அடியிலும் அந்த வாசகம் இருக்கிறது. அதன்கீழ் கைநாட்டும் இருக்கிறது. விளங்கிற்று என்ற புதிய ஒப்புதலும் ரப்பர் முத்திரையாகிவிடுவதற்கு அதிக நாள் ஆகாது. அதற்கு மாற்றாக, அலுவலர் கடன் வாங்குபவரிடம் நான்கு கேள்விகள் கேட்டு, அவர் சொல்லும் விடையை அவர் சொன்ன சொற்களிலேயே தாளில் எழுதி வைக்கலாம். மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? எத்தனை மாதம்? எல்லாம் சேர்த்து வாங்கியதற்கு மேல் எவ்வளவு கொடுக்கப்போகிறீர்கள்? கட்டத் தவறினால் யாரிடம் கேட்பார்கள்? ஜாமீன்தாரர் உடனிருந்தால் நான்காம் கேள்விக்கான விடையை அவரிடமே பெறலாம். ஒரு கடனுக்குப் பத்து நிமிடம் ஆகும். சந்தை நாளில் வரிசை நீளும் என்பது கிளை மேலாளர்களின் மறுப்பாக இருக்கும். சந்தை நாளில் கடன் ஆவணங்களில் கையெழுத்து வாங்குவதைத் தவிர்ப்பது அவர்கள் கையிலேயே இருக்கிறது.